பையில் இல்லாத வித்தை

‘சூப்பர் மெட்ராய்ட்’ ஆட்டத்தில் சாமஸ் ஆரன் ஸீபஸ் கிரகத்தில் வந்து இறங்கும்போது ஏறக்குறைய வெறுங்கை. கையோடு பொருத்திய ஒரு துப்பாக்கி இருக்கிறது, அதுவும் சாதாரணம். உருண்டையாகச் சுருண்டு பொந்துக்குள் நுழையும் திறனைக்கூடக் கீழே போய்த் தேடித்தான் எடுக்க வேண்டும். ஏவுகணை, வெடிகுண்டு, உயரத் தாவும் காலணி, எதிரியை உறையவைக்கும் ஐஸ் பீம், வெப்பம் தாங்கும் கவசம் என்று ஒவ்வொன்றும் எங்கோ ஒரு மூலையில், பெரும்பாலும் பறவை முகச் சிலை ஒன்றின் உள்ளங்கையில் காத்திருக்கும். எடுத்ததும் ஒரு சின்ன இசை வரும், திரையில் பொருளின் பெயர் வரும், பட்டியலில் ஒரு வரி கூடும். அதுவரை அடைத்துக் கிடந்த ஒரு வழி அதன்பிறகு திறக்கும். ஆட்டம் முழுக்க இந்தக் கணக்கில்தான் நகர்கிறது.

அந்தப் பட்டியலில் கடைசிவரை ஏறாத ஒரு திறமை உண்டு. அது சுவரை உதைத்து மேலே தாவுவது. எந்தச் சிலையும் அதைத் தருவதில்லை. எடுத்ததற்கான இசையும் கிடையாது. கிரகத்தில் கால் வைத்த முதல் நிமிடத்திலிருந்தே சாமஸுக்கு அது தெரியும். தெரியாதது ஆடுபவருக்குத்தான்.

இந்த ஆட்டத்தின் வரைபடம் எனக்கு மனப்பாடம். எந்த அறையில் எந்தப் பூச்சி எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் தெரியும். அப்படியிருந்தும் ராத்திரி வேலை முடிந்து கன்ட்ரோலரை எடுக்க வைப்பது இந்த ஒரு தாவல்தான். ஒரு ராகத்தின் ஒரே பிடியை வருஷக்கணக்கில் பாடிப் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும். எனக்கு வாய்த்தது இது.

ஆடாதவர்களுக்காகச் சில விவரங்கள். ‘சூப்பர் மெட்ராய்ட்’ 1994 மார்ச்சில் ஜப்பானில் வெளியானது. இயக்கியவர் யோஷியோ சகமோட்டோ. அன்றைய சூப்பர் நின்டெண்டோ இயந்திரத்துக்கு 24 மெகாபிட் கேசட்டில், அதாவது 3 மெகாபைட்டில், முழு உலகமும் அடங்கியிருந்தது. இன்று வாட்ஸப்பில் வரும் ஒரு காலை வணக்க வீடியோ அதைவிடப் பெரிதாக இருக்கும். தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் டிவி கேம் கேசட்டை மாற்றி மாற்றிச் செருகி ஆடியவர்களுக்கு மாரியோ தெரியும், கான்ட்ரா தெரியும். மெட்ராய்ட் நம்மிடம் அவ்வளவாக வந்து சேரவில்லை. 2019-இல் ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவில் பழைய சூப்பர் நின்டெண்டோ ஆட்டங்களைச் சேர்த்தபோது இதுவும் அதில் இருந்தது. இப்போது ஆட நினைப்பவருக்கு அது ஒரு நேர்வழி.

இனி தாவலுக்கு வருவோம்.

சாமஸ் ஓடிவந்து தாவினால் விறைப்பாகப் போகமாட்டாள். உடம்பைச் சுருட்டிக்கொண்டு பல்டி அடித்தபடி போவாள். நின்ற இடத்தில் எம்பினால் பல்டி வராது. நேராக மேலே போய்க் கீழே வருவாள், அந்தத் தாவலில் சுவரை உதைக்க முடியாது. ஆகவே முதல் நிபந்தனை, பல்டி அடித்தபடியே சுவரை ஒட்ட வேண்டும். ஒட்டியதும் திசைப் பட்டனைச் சுவருக்கு எதிர்ப்பக்கம் அழுத்த வேண்டும். வலப்பக்கச் சுவர் என்றால் இடது. அழுத்திய உடனே சாமஸின் உருவம் மாறும். சுழற்சி நிற்கும், முகம் எதிர்ப்பக்கம் திரும்பும், மடங்கிய கால்கள் சுவர்ப்பக்கம் வந்து உதைக்கத் தயாராக நிற்கும். அந்த நிலை கண்ணிமைக்கும் நேரம்தான் திரையில் இருக்கும். அதற்குள் தாவும் பட்டனை அழுத்தினால் சுவரை உதைத்துக்கொண்டு மேலே பாய்வாள். உதைக்கும் சத்தம் தனியாகக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் திரையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், தாவல் விழுந்துவிட்டது என்று.

இதில் சிக்கல் வரிசையில் இருக்கிறது. முதலில் திரும்ப வேண்டும், பிறகு தாவ வேண்டும். ‘சுவரிலிருந்து தாவு’ என்பது மனசுக்கு ஒரே கட்டளை, விரல்களுக்கு இரண்டு. புதிதாக ஆடுபவர் இரண்டையும் ஒன்றாக அழுத்துவார், அல்லது பதற்றத்தில் தாவும் பட்டனை முந்தி அழுத்துவார். இரண்டுமே பலிக்காது. ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். பஸ் போகும் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் காலைப் படியிலிருந்து எடுப்பார்கள். வரிசை மாறினால் ரோட்டில் உருள வேண்டியதுதான்.

சூப்பர் நின்டெண்டோ நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் இயந்திரம். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 17 மில்லி நொடி. திரும்புவதற்கும் தாவுவதற்கும் இடையே விட வேண்டியது இப்படிச் சில படங்கள் அளவுக்கு ஓர் இடைவெளி. வேகமான கை உள்ளவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சண்டை ஆட்டங்களில் புலியாக இருப்பவர், இரண்டு பட்டனை ஒரே கணத்தில் அழுத்திப் பழகியவர், இந்தச் சுவரடியில் வந்து திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். நிதானமான ஆள் அவருக்கு முன்னே ஏறிப் போய்விடுவார்.

அக்கா மகனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோதுதான் என் விரல் என்ன செய்கிறது என்று எனக்கே தெளிவாயிற்று. அவன் பொறுமையில்லாமல் சுவரில் மோதிக்கொண்டிருந்தான்.

“மாமா, இந்த ஜம்ப் பட்டன் வேலையே செய்யல. அமுக்குறேன், அவ திரும்பிக்கிட்டுக் கீழ விழுறா.”

“பட்டன் நல்லாத்தான் இருக்கு. ஜம்ப்ப மறந்துடு. கட்டை விரல அதுமேலேர்ந்து எடு.”

“எடுத்துட்டா எப்படி ஏறுறது?”

“ஏற வேணாம். பல்டி அடிச்சுச் சுவர்கிட்டப் போ, எதிர்ப்பக்கம் அமுக்கு, அவ கால மட்டும் பாரு. விழுந்தா விழட்டும்.”

அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே அப்படிச் செய்தான். விழுந்தான். மறுபடி விழுந்தான். கொஞ்ச நேரத்தில், “மாமா, கால் செவுத்துல ஒட்டுது!” என்றான். அதுவரை அந்த நிலை அவன் கண்ணில் பட்டதே இல்லை. பட்டனை அழுத்தும் அவசரத்தில் திரையைத் தவறவிட்டிருந்தான். கால் ஒட்டுவது தெரிந்த பிறகு கட்டை விரலைத் திரும்ப வைக்கச் சொன்னேன். அடுத்ததாக அவன் அழுத்தியது கண்ணால் பார்த்து அழுத்தியது. உதைக்கும் சத்தம் கேட்டது. சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டான்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். தாவலைக் கழித்துவிட்டுத் திரும்புதலை மட்டும் பழகு. கண் அந்த நிலையைப் பிடித்துவிட்டால் விரல் தானாக வந்து சேரும்.

முதல் உதை விழுவது பாதிதான். மீதி, பட்டனைப் பிடிப்பதிலும் விடுவதிலும் இருக்கிறது. இந்த ஆட்டத்தில் தாவும் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறோமோ அந்த அளவுக்குத்தான் சாமஸ் உயரம் போவாள். சட்டென்று விட்டால் அங்கேயே ஏற்றம் நின்று இறங்கத் தொடங்குவாள். எனவே உதைத்தபின் பிடிக்க வேண்டும். ஆனால் அடுத்த உதைக்குப் பட்டனைப் புதிதாக அழுத்தியாக வேண்டும் என்பதால் அதற்கு முன்பே விட்டிருக்கவும் வேண்டும். இரண்டு சுவர்கள் நெருங்கி நிற்கும் குழியில் எதிர்ச்சுவர் சீக்கிரம் வந்துவிடும், பிடி குறுகலாக இருக்க வேண்டும். அகலமான குழியில் பிடி நீளும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு தாளம் உண்டு. நாலைந்து உதையில் கை அதைக் கண்டுகொள்ளும்.

இதைவிட ருசியானது ஒற்றைச் சுவரில் ஏறுவது. எதிர்ச்சுவரே இல்லை. உதைத்ததும் சாமஸ் வெளியே பாய்கிறாள். அந்தக் கணமே திசையைச் சுவர்ப்பக்கம் மாற்றிப் பிடித்தால் பல்டி வளைந்து அதே சுவருக்கு, கிளம்பிய இடத்துக்குச் சற்று மேலாகத் திரும்பி வரும். மறுபடி எதிர்த்திசை, மறுபடி உதை. ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் ஏற்றம் கொஞ்சம்தான். திரும்பி வரத் தாமதித்தால் அந்தக் கொஞ்சமும் போய்விடும். இடது கட்டை விரல் இப்படியும் அப்படியும் ஆட, வலது கட்டை விரல் அதன் நடுவே ஒரு சொடுக்குச் சொடுக்க, இரண்டும் ஒன்றையொன்று முந்தாமல் ஓட வேண்டும். நன்றாகப் போகும் நாளில் விரல்கள் இருப்பதே மறந்துவிடும். யோசிக்கத் தொடங்கினால் அடுத்த உதை தவறும்.

கருவியையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குச் சிலுவை வடிவத் திசைப் பட்டன்தான் சரி. அனலாக் குச்சியை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தள்ளுவதில் நேரம் விரயம். நடுவே அது எங்கே நிற்கிறது என்று விரலுக்கும் தெரியாது. பிறகு டிவி. பழைய குண்டு டிவியில் பட்டனுக்கும் படத்துக்கும் இடையே தாமதம் உணரவே முடியாத அளவுக்குத்தான் இருந்தது. இன்றைய தட்டை டிவிகள் படத்தை மெருகேற்றுகிறேன் என்று சற்றுப் பிடித்துவைத்துக் காட்டும். அமைப்புகளில் ‘கேம் மோட்’ என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கை சரியில்லை என்று நொந்துகொள்ளும் பலருக்கு உண்மையில் கோளாறு டிவியில் இருக்கிறது.

சரி, ஆட்டமே வாய் திறந்து சொல்லாத ஒன்றை 1994-இல் ஒருவர் எப்படிக் கற்றார்? இங்கேதான் சகமோட்டோ குழுவின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. பிரின்ஸ்டார் என்ற பசுமையான பகுதியின் அடியில் ஒடுங்கிய செங்குத்துக் குழி ஒன்று இருக்கிறது. அதில் எட்டெகூன் என்ற மூன்று சிறு விலங்குகள் வசிக்கின்றன. குரங்குக் குட்டி மாதிரி இருக்கும், யாரையும் தாக்காது. சாமஸ் போனதும் குட்டியாக ஒரு மெட்டுப் பாடிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சுவர்களையும் மாறி மாறி உதைத்து மேலே ஏறும். பிறகு இறங்கும், மறுபடி ஏறும். அவ்வளவுதான் பாடம். ‘இந்தப் பட்டனை அழுத்து’ என்ற அறிவிப்பு கிடையாது. பார்த்துப் புரிந்துகொள்பவருக்கு அது கிடைக்கும்.

எட்டெகூன் இருக்கும் இடத்துக்கு ஆட்டக்காரர் வந்து சேர்வதற்குள் ஆட்டத்தில் கணிசமான தூரம் போயிருக்கும். இந்தத் தாமதம் வேண்டுமென்றே வைத்ததாகத்தான் எனக்குப் படுகிறது. அந்த விலங்குகள் ஏறுவதைப் பார்க்கும்போது முதலில் ‘அட!’ என்று வரும். உடனே பின்னாலேயே இன்னொரு எண்ணம் வரும்: அப்படியானால் இதுவரை முட்டி நின்றுவிட்டுத் திரும்பிய சுவர்கள் எல்லாம்? அந்தக் கேள்வியோடு வரைபடத்தைத் திறந்து பார்ப்பவருக்கு அதே கிரகம் வேறு கிரகமாகத் தெரியும்.

மற்ற ஆட்டங்கள் இதே தாவலை எப்படி நடத்தின என்று பார்த்தால் இதன் தனித்தன்மை இன்னும் துலங்கும். நாம் எல்லோரும் ஆடிய 1985-ஆம் வருஷத்து ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்திலேயே சுவரை உதைத்துத் தாவ முடியும். யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை, நிரல் பிழை அது. மாரியோ வேகமாகச் சுவரில் மோதும்போது ஒரு படம் அளவுக்கு உடம்பு சுவருக்குள் போய்விடும். ஆட்டம் அவனை வெளியே தள்ளுவதற்குள் அவன் பாதம் 16 பிக்சல் கட்டங்களில் ஒன்றின் மேல்விளிம்போடு சரியாகப் பொருந்தியிருந்தால், அவன் தரையில் நிற்கிறான் என்று நிரல் நினைத்துக்கொள்ளும். அந்த ஒரு நொடித்துணுக்கில் தாவும் பட்டனை அழுத்தியிருந்தால் சுவரிலிருந்து எழும்பிவிடுவான். வேகமாக முடிப்பதையே போட்டியாக ஆடும் ஸ்பீட்ரன் ஆட்டக்காரர்கள் 8-4 கட்டத்தில் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

1988-இல் வந்த ‘நிஞ்சா கைடன்’ ஆட்டத்தில் ரியூ ஹயபுசா சுவரைப் பற்றிக்கொண்டு அதிலிருந்து தாவினான். 1993 டிசம்பரில் கேப்காமின் ‘மெகா மேன் எக்ஸ்’ இதை எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதில் சுவர்ப்பக்கமே திசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு தாவும் பட்டனை மட்டும் தட்டினால் போதும், எக்ஸ் ஏணியில் ஏறுகிற மாதிரி ஏறிவிடுவான். முதல் கட்டத்திலேயே தரை இடிந்து ஆட்டக்காரர் ஒரு குழிக்குள் விழுவார். வெளியே வர வேறு வழி கிடையாது. பட்டனைத் தட்டிப் பார்த்துத் தானே கண்டுபிடிப்பார். அருமையான வாத்தியார் வேலை அது. ஆனால் நோக்கம் வேறு. மெகா மேனுக்குச் சுவர் ஒரு பாதை, எல்லோரும் அதில் ஏறியாக வேண்டும். சாமஸுக்கு அது பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் சந்து. தெரிந்தவர் போகலாம்.

‘சூப்பர் மாரியோ 64’ (1996) முப்பரிமாணத்தில் இதைக் கொண்டுவந்தபோது சுவரில் மோதிய பிறகு சில படங்கள் அளவுக்கு அவகாசம் தந்தது. மோதிய முதல் படத்திலேயே அழுத்தினால் ஓடிவந்த வேகம் குறையாமல் உதை விழும். கைதேர்ந்தவர்கள் அதற்காகவே பழகுகிறார்கள். ஒரே தாவலுக்குள் எளியவருக்கு ஒரு வாசல், தேர்ந்தவருக்கு இன்னொரு வாசல்.

இந்த அவகாசம் கொடுக்கும் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனது 2018-இன் ‘செலஸ்ட்’. மேடி தார்சன், நோயல் பெர்ரி இருவரின் நிரலில் கருணை இழையோடுகிறது. அதன் நாயகி மேடலின் சுவரைத் தொடாமல் 2 பிக்சல் தள்ளியிருந்தாலும் உதை செல்லும். பாறை விளிம்பிலிருந்து கால் வழுவிய பிறகும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாவ அனுமதி உண்டு. சுவரை உதைத்ததும் 0.16 நொடிக்கு, நாம் எந்தப் பக்கம் அழுத்திக்கொண்டிருந்தாலும் மேடலின் சுவரைவிட்டு விலகித்தான் போவாள். அந்தக் கட்டாயம் இல்லாவிட்டால் புதியவர்கள் தவறிப்போய் அதே சுவரில் திரும்ப ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது: உதைக்கும் கணத்தில் திசைப் பட்டனையே தொடாமல் இருந்தால் அந்த 0.16 நொடிக் கட்டாயம் கிடையாது. உடனே சுவருக்குத் திரும்பி வந்து, தெம்பு துளியும் செலவாகாமல் ஒற்றைச் சுவரில் ஏறிக்கொண்டே போகலாம். அங்கேயும் விஷயம் விரலை எடுப்பதில்தான் இருக்கிறது.

‘செலஸ்ட்’ ஆட்டக்காரரின் மனசை ஊகித்து உதவுகிறது. ‘சூப்பர் மெட்ராய்ட்’ அப்படி ஊகிப்பதில்லை. நீ எதை அழுத்தினாயோ அதுதான் நடக்கும். செலஸ்ட்டில் ஏறும்போது நான் நன்றாக ஆடுகிறேன் என்று தோன்றும். மெட்ராய்டில் ஏறும்போது எனக்கு இது தெரியும் என்று தோன்றும். எனக்குப் பின்னதில்தான் ருசி அதிகம்.

அந்த ருசியின் விளைவை ஓர் இடத்தில் வைத்துக் காட்டலாம். பிரின்ஸ்டாரின் சிவப்புப் பகுதியில் உயரமான செங்குத்து அறை ஒன்று உண்டு. ஆட்டக்காரர்கள் அதை ரெட் டவர் என்பார்கள். ரிப்பர் என்ற பறக்கும் பிராணிகள் அதில் இடவலமாகப் போய்வந்துகொண்டிருக்கும். சாதாரணக் குண்டுக்குச் சாகாது. வழக்கமான ஆட்டத்தில் இங்கே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நார்ஃபேர் என்ற கொதிக்கும் பகுதிக்குப் போய், ஐஸ் பீம் எடுத்துக்கொண்டு வந்து, ரிப்பர்களைச் சுட்டு உறையவைத்து, அவற்றையே படிக்கட்டாக மிதித்து மேலே ஏற வேண்டும். அப்படி ஏறினால்தான் பவர் பாம் கிடைக்கும் பக்கம் போகலாம். அழகான புதிர், குறை சொல்ல ஒன்றுமில்லை. சுவர்த்தாவல் தெரிந்தவர் ரிப்பர்களுக்கு நடுவே ஓரச்சுவரை உதைத்து உதைத்து நேராக மேலே போய்விடுவார். ஐஸ் பீம் அப்புறம். கிரெய்ட் என்ற ராட்சசனின் இடத்துக்குப் போகும் வாசலும் இப்படித்தான். உயரத் தாவும் காலணி கேட்கிற மேட்டைச் சுவர்த்தாவலால் தாண்டலாம்.

என் மருமகன் ரெட் டவரில் இப்படி ஏறியபிறகு முகம் கொஞ்சம் வாடிப்போனான். “மாமா, ஐஸ் பீம் எடுக்காமலே வந்துட்டேன். கேம் ஸ்டக் ஆயிடுமா?” ஆகாது என்று சொன்னேன். முறையாக வந்தாலும் முறை தவறி வந்தாலும் கிரகம் தாங்கும்படிதான் பெரும்பாலும் கட்டியிருக்கிறார்கள். பட்டியலை எதிர்பார்த்து நடந்தவன் அன்றுமுதல் வரைபடத்தைப் பார்த்து, “இங்க ஏற முடியுமா?” என்று கேட்கத் தொடங்கினான். மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால் கடைசியில் சாமஸ் கவசத்தைக் கழற்றிய கோலத்தில் தெரிவாள். அந்த நேரத்துக்குள் முடிக்கச் சுவர்த்தாவல் கட்டாயம் இல்லை, ஆனால் பெரிய துணை.

பின்னால் வந்த மெட்ராய்ட் ஆட்டங்களைப் பார்த்தால் இந்தத் தாவல் செய்யும் கலகத்தை நின்டெண்டோவும் உணர்ந்திருந்தது தெரிகிறது. 2002-இன் ‘மெட்ராய்ட் ஃபியூஷன்’ கதையை வரிசை குலையாமல் சொல்ல விரும்பிய ஆட்டம். அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஒரு கணினி சொல்லிக்கொண்டே வரும். அதில் சுவரை உதைக்கலாம், ஆனால் உதைத்ததும் சாமஸ் வெகுதூரம் விலகிப்போய்விடுவாள், அதே சுவருக்குத் திரும்பி ஏற முடியாது. இரண்டு சுவர்கள் வேண்டும், அவை எங்கே இருக்கும் என்பதை வடிவமைத்தவர் தீர்மானிப்பார். 2004-இல் முதல் மெட்ராய்டின் மறு ஆக்கமான ‘ஸீரோ மிஷன்’ ஒற்றைச் சுவர் ஏற்றத்தைத் திருப்பித் தந்தது. வழக்கமான வரிசையைத் தாண்டிப் போகிறவர்களுக்கென்றே மறைவழிகளும் அதில் இருந்தன. 2021-இன் ‘மெட்ராய்ட் ட்ரெட்’ மறுபடியும் ஒற்றைச் சுவரை அடைத்துவிட்டது.

ட்ரெட் பிரமாதமான ஆட்டம். சாமஸ் அதில் ஓடுவதும் சறுக்குவதும் தாவுவதும் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அதில் என் கை வளர்ந்த அளவுக்கு வரைபடம் விரியவில்லை என்ற குறை எனக்கு உண்டு. அதன் ரகசிய வழிகளில் பெரும்பாலானவை பொருள்களைக் கேட்கின்றன. பொருளைக் கொடுப்பவர் வடிவமைத்தவர், எப்போது கொடுப்பது என்பதும் அவர் கையில். கைப்பழக்கத்தை அப்படி அளந்து கொடுக்க முடியாது. ஒருமுறை வந்துவிட்டால் ஆட்டத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாலும் அது போகாது. ஏவுகணை பூஜ்யம், வெடிகுண்டு பூஜ்யம், ஆனால் முதல் சுவரிலேயே ஏற முடியும். ஒரு ஆட்டம் தன் ஆட்டக்காரருக்குத் தரக்கூடிய மிகப்பெரிய மதிப்பு இதுதான் என்று நினைக்கிறேன்: உன் பையில் இருப்பதைப் பார்த்து வழிவிடுவதோடு நிற்காமல், உனக்குத் தெரிந்திருப்பதைப் பார்த்தும் வழிவிடுவது.

இந்தத் தாவலைக் கற்றுக்கொடுத்த எட்டெகூன்களுக்கு ஆட்டம் ஒரு கடனையும் விட்டுவைத்திருக்கிறது. இறுதிச் சண்டை முடிந்ததும் ஸீபஸ் வெடிக்கப்போகிறது என்று எச்சரிக்கை வரும். திரையில் 3 நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கும். கிரகத்தின் அடியிலிருந்து மேலே நிற்கும் கப்பலுக்கு ஓட வேண்டும். அந்த ஓட்டத்தின் நடுவே, ஆட்டத் தொடக்கத்தில் வெடிகுண்டு எடுத்த அறைக்குத் திரும்பினால் அங்கே மூன்று எட்டெகூன்களும், ஓடிப் பறக்கும் வித்தையைக் காட்டிய டச்சோரா பறவையும் சிக்கிக்கொண்டு தவிப்பது தெரியும். சுவரைச் சுட்டு வழி திறந்துவிட்டால் ஓடித் தப்பிக்கும். யாரும் இதைச் செய்யச் சொல்வதில்லை. செய்ததற்குப் பரிசும் இல்லை. கிரகம் வெடிக்கும் கடைசிக் காட்சியில் ஒரு சிறு ஒளிப்புள்ளி விலகிப் போவது மட்டும் தெரியும்.

ஸ்பீட்ரன் ஆட்டக்காரர்கள் நடத்தும் ‘கேம்ஸ் டன் குயிக்’ என்ற நன்கொடைத் திருவிழாவில் இது ஒரு வழக்கமான சண்டை. விலங்குகளைக் காப்பாற்றுவதா, விட்டுவிட்டு நேரத்தை மிச்சம் பிடிப்பதா என்று பார்வையாளர்கள் கட்சி பிரிந்து பணம் கட்டுவார்கள். வசூல் மருத்துவ நற்பணிகளுக்குப் போகிறது என்பதால் இரண்டு கட்சியுமே புண்ணியக் கட்சிதான். நேரக் கணக்கு மட்டும் பார்த்தால் விட்டுவிட்டுப் போவதே சரி.

நான் காப்பாற்றும் கட்சி. குருதட்சிணை என்று சொல்லி அதைப் பெரிதாக்கவில்லை. என் கணக்கும் நேரக் கணக்குதான். அந்தக் கடைசி ஓட்டத்தில் கீழிருந்து உயரமான குழாய் ஒன்றின் வழியே ஏறும்போது, ஒவ்வொரு படியாகத் தேடித் தாவாமல் சுவரை உதைத்து ஏறுவதில் நொடிகள் மிச்சமாகின்றன. மிச்சமாவது அவை காட்டித்தந்த உதையால். அதை அவற்றுக்கே செலவழித்தால் கணக்கு நேராகிவிடுகிறது.